மூஞ்சூறு எலி இல்லீங்க!

வங்கியில 33 வருசம் கணக்கு பார்த்தவன் நான். பணம் போட்டவர் யார், கடன் வாங்கினவர் யார்னு மாத்தி எழுதினா வேலைக்கே ஆபத்து. ஆனா விவசாயத்துக்கு வந்த முதல் வருசமே வயல்ல அந்தத் தப்பைச் செஞ்சேன்.

மாங்காட்டில் வீட்டு மனைகளுக்கு நடுவே மிச்சமிருப்பது எங்கள் ஒன்றரை ஏக்கர். கதிர் வரும் சமயம், எலி தூர் தூராக வெட்டிப் போட்டிருந்தது. அப்போ நான் முழுசா இயற்கை வழிக்கு வரல. கருவாட்டுத் தூளில் எலி மருந்தைக் கலந்து வரப்பில் வைத்தேன். காலையில் செத்துக் கிடந்தது மூணு மூஞ்சூறு. எலி வெட்டோ நிக்கல. "இது பூச்சி தின்னுமே சார், இதப் போய் கொன்னுட்டீங்களே" என்றார் களை எடுக்க வந்த அம்மா.

அவர் சொன்னதுதான் சரி. மூஞ்சூறு எலி இனமே இல்லை. எலியின் முன்பற்கள் உளி மாதிரி, சாகும்வரை வளரும். அதனால் கொறித்துக்கொண்டே இருக்கும். மூஞ்சூறின் பற்கள் கூரானவை, பூச்சியைக் கடித்து உடைக்க ஏற்றவை. கரப்பான், சில்வண்டு, புழுக்கள்தான் முக்கிய இரை. மண்புழுவும் கொஞ்சம் போகும். அது நாம தர்ற கூலின்னு வைச்சுக்கலாம்.

அடையாளம் சுலபம். நீண்ட கூர்மூக்கு, கடுகு போன்ற கண், கீச்சுக் குரல், கஸ்தூரி நாற்றம். குட்டிகள் ஒன்றின் பின்புறத்தை ஒன்று கவ்வியபடி தாயின் பின்னால் ரயில் பெட்டி மாதிரி போகும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமில்லை. ஒற்றை நாற்று நடவு பிறந்த மடகாஸ்கரில், நெல்வயல் ஓரம் மண்ணைத் தோண்டி வாழும் 'டென்ரெக்' என்ற சிறு விலங்கு உண்டு. அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1870-இல் அதற்கு வைத்த அறிவியல் பெயரின் பொருள் 'நெல்லைத் தோண்டுவது'. ஆனால் அது தோண்டுவது நெல்லுக்காக அல்ல, மண்ணிலுள்ள பூச்சி புழுக்களுக்காக!

அப்போ எலிக்கு என்ன வழி? வரப்பைச் சிறுத்துக் கட்டுங்க. அகல வரப்புதான் எலிக்கு மாளிகை. புதுமண் குவிந்து, வாய் அடைத்திருக்கும் வளை வரப்பெலியுடையது. அங்கே மட்டும் தஞ்சாவூர் கிட்டி வையுங்க. ஆந்தை உட்கார 'ட' வடிவில் இல்லாமல், குறுக்குக் கட்டை வைத்த குச்சி நடுங்க. விஷம் மட்டும் வேண்டாம். அது ஆள் பார்த்துக் கொல்லாது.

இப்போ எங்க வரப்பில் ராத்திரி கீச்சுச் சத்தம் கேட்டா, டார்ச்சை அணைச்சிட்டு ஒதுங்கி நடக்கிறேன். பிள்ளையார் வாகனமாச்சே, வழி விடணும்ல!