காணாக்கடியைக் கண்டறிவோம்

வீட்டுப் பூச்சிகள், சிலந்திகள்: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம்

காலையில் உறங்கி எழுந்ததும் உடலில் ஆங்காங்கே தடிப்பும் அரிப்பும் தென்பட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு உடனே ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள்: காணாக்கடி. கடித்தது எதுவெனக் காணாததால் வந்த பெயர் அது. பெயரில் பிழையில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சூட்டி, வேப்பிலையால் தடவி, மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு அத்துடன் விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. தானாகவே மறைந்துபோகும் தோல் ஒவ்வாமையும் அந்த ஒரே பெயருக்குள் அடங்குகிறது. சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய கட்டுவிரியன் கடியும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

மறுபுறம், சுவரில் ஒரு கரப்பானையோ சிலந்தியையோ கண்டதும் வீடு முழுவதும் நஞ்சைத் தெளிப்பவர்களும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ள முதியவர் ஆகியோர் இருக்கும் வீட்டில், பூச்சியைவிட அதற்கு வைக்கும் மருந்து கூடுதலான தீங்கைச் செய்துவிடக்கூடும். கடித்தது எது, வீட்டில் குடியிருப்பது எது என்று கண்டறிவதே இரண்டு தவறுகளுக்கும் மாற்று.

வெறும் பூச்சிக்கடி என்று ஒதுக்கக் கூடாதவை

முதலாவது கட்டுவிரியன். இது இரவில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்து உறங்குபவர்களைக் கடிக்கும்போது பெரும்பாலும் வலி இருப்பதில்லை; வீக்கமும் பல் தடமும்கூடத் தெளிவாகத் தெரிவதில்லை. நள்ளிரவிலோ விடியற்காலையிலோ காரணமற்ற வயிற்றுவலி, வாந்தி, தொண்டை அடைப்பு, இமைகள் தாமாக மூடிக்கொள்ளுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சுத் தசைகள் செயலிழப்பதற்குள் பாம்புக்கடி முறிவு மருந்தும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் கிடைத்தால் நோயாளி முழுமையாக மீள முடியும்.

இரண்டாவது, உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ். புதர், புல்வெளி, எலி நடமாடும் இடம் ஆகியவற்றில் வாழும், கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய உண்ணியின் இளம்பருவம் இதைப் பரப்புகிறது. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் இது மிகுதி. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு உண்டாகும். அது வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பகத்தின் அடிப்பகுதி, தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியே அதை அறிந்திருக்க மாட்டார். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், கூச்சம் பாராமல் உடலை முழுமையாகப் பார்த்து, அப்படியொரு பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய எளிய மருந்துகளுக்கே இந்நோய் கட்டுப்படும். நோய் முற்றிய நிலையில் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பலன் தருவதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. காலம் தாழ்த்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என ஒவ்வோர் உறுப்பாகப் பாதிக்கும்.

மூன்றாவது செந்தேள். உருவில் பெரிய கருந்தேளைவிடச் சிறிய செந்தேளின் நஞ்சே கடுமையானது. குழந்தைகளுக்கு அது இதயத்தைத் தாக்கும். கொட்டிய பின் வாந்தி, உடல் நனையும் அளவுக்கு வியர்வை, கை கால் சில்லிடுதல் ஆகியவை தோன்றினால் அது அவசரநிலை. மகாராட்டிரத்தின் மஹாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் பிரசோசின் மாத்திரை இந்நஞ்சின் விளைவைத் தணிப்பதை 1980களில் எடுத்துக்காட்டினார். அதன் பிறகு தேள்கடி மரணங்கள் பெரிதும் குறைந்தன. அதன் பயன், நேரத்தோடு மருத்துவமனைக்கு வருபவருக்கே கிடைக்கும்.

நான்காவது, கதண்டு, குளவி, தேனீ ஆகியவற்றின் கொட்டு. ஒரே கொட்டிலேயே முகம் வீங்கி, மூச்சுத் திணறி, மயக்கம் வருபவர்கள் உண்டு. பல கதண்டுகள் கொட்டினால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கூட்டைத் தீ வைத்து அழிக்க முயலாமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

ஐந்தாவதாக, பூச்சியே இல்லாத காணாக்கடி ஒன்று உண்டு. புதிய மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளிலோ வாரங்களிலோ உடலில் தடிப்பு ஏற்பட்டால், அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். அண்மையில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல் ஆகியவை சேர்ந்திருந்தால் அன்றே வந்து காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கடிவாய் சிவந்து பரவினாலும் காய்ச்சல் கண்டாலும் அது கிருமித் தொற்று. வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

பகலில் கடிக்கும் கொசு, பகலில் உறங்கும் தொழிலாளி

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. கருத்த உடலும் வெள்ளை வரியிட்ட கால்களும் அதன் அடையாளம். நம் ஊரில் ஆயிரக்கணக்கானோர் பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் இரவு ஷிப்ட் முடித்து, பகலில் உறங்குகிறார்கள். இரவில் மட்டுமே கொசுவலை கட்டும் வழக்கத்தால் அவர்களுக்குப் பயனில்லை. பகலில் உறங்குபவருக்கும் தொட்டில் குழந்தைக்கும் பகலிலேயே வலை வேண்டும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டால் கட்டுவிரியனுக்கும் அதுவே காப்பு.

இக்கொசு சாக்கடையில் பெருகுவதில்லை. நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் பெருகுகிறது. சில நாள்களுக்கு ஒருமுறையே குழாயில் நீர் வரும் லைன் வீடுகளில் டிரம், சிமென்ட் தொட்டி, அண்டா எனத் தேக்கி வைப்பதைத் தவிர்க்க முடியாது. முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் காலி செய்தால் அந்தச் சுழற்சி அறுபடும். ஆனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். நார் கொண்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும். டிரம்மின் வாயைப் பனியன் துணியால் இறுகக் கட்டலாம். அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றையும் பாருங்கள். புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியில் நெளியும் புழுவை அது தொடுவதில்லை.

கொசுவர்த்திச் சுருள் குறித்தும் ஓர் எச்சரிக்கை. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு ஈடானது என 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. கதவடைத்த ஓரறை வீட்டில் ஆஸ்துமா நோயாளிக்கு அருகே அதைக் கொளுத்தக் கூடாது. வலையே மேல்.

மூட்டைப்பூச்சி: நோய் தராது, உறக்கத்தைக் கெடுக்கும்

வரிசையாகவோ கொத்தாகவோ கடித்தடம், படுக்கை விரிப்பில் மைத்துளி போன்ற கரும்புள்ளிகள், ஒருவித நாற்றம் ஆகியவை மூட்டைப்பூச்சியின் அடையாளங்கள். இது எந்த நோயையும் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. வீட்டுத் தூய்மைக் குறைவாலும் இது வருவதில்லை. பை, பெட்டி, பழைய கட்டில் ஆகியவற்றின் வழியே வருகிறது. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அண்டை வீட்டாரிடம் சொல்லி, வரிசை வீடுகள் அனைத்திலும் ஒரே நாளில் நடவடிக்கை எடுப்பதே பயன் தரும்.

வழக்கமான தெளிப்பு மருந்துகளைத் தாங்கும் திறனை இப்பூச்சி பெருமளவு பெற்றுவிட்டது. ஆனால் வெப்பத்தைத் தாங்காது. 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துணிகளை அலசுங்கள். தையல் மடிப்புகளில் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேயுங்கள். கட்டில் மூட்டுகளிலும் சுவர் விரிசல்களிலும் கொதிநீரை ஊற்றி, பின்பு விரிசலைப் பூசி அடையுங்கள். பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். முட்டையிலிருந்து புதிதாக வந்தவை அப்போது அழியும். மருத்துவமனையில் உடன் தங்கியிருந்து வீடு திரும்புபவர்கள், பையை வாசலிலேயே வைத்துத் துணிகளை நேரே வெந்நீரில் போடுவது நல்ல பழக்கம்.

சிலந்தி: குற்றமற்ற குற்றவாளி

கூரை மூலையில் நீண்ட கால்களுடன் தொங்குவதும், சன்னலோரம் குதித்துத் திரிவதும், வலை பின்னாமல் இரவில் சுவரில் ஓடும் உள்ளங்கை அகலப் பழுப்புச் சிலந்தியும் நம் வீடுகளில் வழக்கமாகக் காணப்படுபவை. இவை கொசுவையும் கரப்பானையும் தின்று வாழ்கின்றன. எந்த நோயையும் பரப்புவதில்லை. கையால் நசுக்கினாலன்றிக் கடிப்பதும் அரிது. ஒட்டடைக் கோல் போதும், மருந்து வேண்டாம்.

சிலந்தியின் மேல் சுமத்தப்படும் பழி பெரும்பாலும் வேறொன்றின் வேலை. உடலின் ஒரே பக்கத்தில் பட்டையாக நீர்க்கொப்புளங்களும் எரிச்சலும் தோன்றினால் அது அக்கி. முன்பு வந்த சின்னம்மையின் வைரசு நரம்பில் உறங்கியிருந்து மீண்டும் எழுவதே அதன் காரணம். காவி பூசிக் காத்திராமல் 72 மணி நேரத்திற்குள் வந்தால், வைரசு எதிர்ப்பு மருந்தால் நீண்டநாள் நரம்பு வலியைக் குறைக்க வாய்ப்புண்டு. கண்ணருகே தோன்றினால் அன்றே வாருங்கள். கோடிழுத்தாற்போல் தீப்புண் போன்ற தடம் இருந்தால், மழைக்காலத்தில் விளக்கொளியை நாடி வரும் செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த, எறும்பு போன்ற சிறு வண்டு காரணமாக இருக்கலாம். அது கடிப்பதில்லை. தோலில் நசுங்கினால் வெளிப்படும் நீரே புண்ணாக்குகிறது. உடலில் அமர்ந்தால் அடிக்காமல் ஊதி விடுங்கள்; பட்ட இடத்தைச் சோப்பால் கழுவுங்கள்.

நோயாளி இருக்கும் அறை

படுத்த படுக்கையாக இருப்பவரின் புண்ணில் ஈ அமர்ந்தால் புழு வைத்துவிடும். கட்டு நனைந்தவுடன் மாற்றுங்கள். பகலிலும் வலை இடுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் எறும்பு கடித்தாலும் எலி கொறித்தாலும் உணர மாட்டார்கள்; நாள்தோறும் இரவிலும் காலையிலும் அவர்களது பாதத்தைப் பார்க்க வேண்டியது உடனிருப்பவரின் கடமை. கட்டில் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைப்பது பழைய முறை. எறும்புக்கு இன்றும் பயன்படும். அந்த நீரையும் வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும். இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காதிருத்தல், சாக்கடைத் துளைக்கு வலை மூடி இடுதல், அட்டைப் பெட்டிகளை அகற்றுதல் ஆகியவற்றுக்குப் பிறகே பசை மருந்தை இடுக்குகளில் புள்ளியாக வையுங்கள். காதுக்குள் பூச்சி புகுந்தால் குச்சியால் குத்தாமல், செவிப்பறையில் ஓட்டையோ சீழ் வடிதலோ இல்லாதவர்களுக்கு மட்டும் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டு, மருத்துவரிடம் வாருங்கள்.

நஞ்சு வீட்டுக்குள் வரும் வழி

தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கட்டிலில் தெளிக்கக் கூடாது. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எக்காரணத்திற்காகவும் வீட்டில் வைக்கக் கூடாது. ஈரக்காற்று பட்டாலே அது நச்சுவாயுவாக மாறும், அதற்கு முறிவு மருந்தும் இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக மருந்து வைத்த வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது.

பாச்சை உருண்டையும் குழந்தைக்குத் தீங்கானது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தையை, அந்த உருண்டையுடன் வைத்திருந்த துணியில் சுற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். துணியரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு கம்பளியும் பட்டுமே. தூய பருத்தியை அது நாடுவதில்லை. ஆகவே நம் ஊர்ப் பருத்தித் துணியில் தைத்த குழந்தை உடுப்புக்கு அந்த உருண்டை தேவையே இல்லை. துவைத்து வெயிலில் உலர்த்தி மடித்து வைத்தாலே போதும்.

கடி ஏற்பட்டு மருத்துவமனைக்கு வரும்போது, கடித்த நேரத்தையும், முதலில் தோன்றிய அறிகுறியையும் குறித்து வாருங்கள். பூச்சியைப் பாதுகாப்பாக எடுக்க முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். அதைத் துரத்திக்கொண்டு நேரத்தை இழக்க வேண்டாம். கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யாதீர்கள். மருந்து எதையேனும் விழுங்கியிருந்தாலோ சுவாசித்திருந்தாலோ, அந்த மருந்தின் உறையையோ புட்டியையோ உடன் கொண்டு வாருங்கள். என்ன நேர்ந்தது என்பதை எவ்வளவு விரைவாக மருத்துவர் அறிகிறாரோ, அவ்வளவு விரைவாகச் சிகிச்சை தொடங்கும்.