சிவன் கோயில், இரண்டு பௌத்த நாடுகள், ஒரு பழைய வரைபடம்

2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் ஐந்து நாள் மோதிக்கொண்டபோது, நம்ம ஊர்ச் செய்திகளில் "சிவன் கோயிலுக்காகப் போர்" என்கிற தொனிதான் தூக்கலாக இருந்தது. கோயில்கள் சிவனுக்குக் கட்டியவை என்பது உண்மை. ஆனால் சண்டை போடுகிற இரண்டு நாட்டிலும் பெரும்பான்மை மக்கள் பௌத்தர்கள். அப்புறம் எதுக்கு இந்த அடிதடி?

ப்ரீயா விஹியர் கோயிலில் இருந்து ஆரம்பிக்கணும். டாங்ரேக் மலைத்தொடரின் விளிம்பில், கெமர் அரசர்கள் கட்டியது. தெற்கே செங்குத்தான சரிவு, கீழே கம்போடியச் சமவெளி. ஏறிப்போகும் பெரிய படிக்கட்டோ வடக்கே, தாய்லாந்தைப் பார்த்து இருக்கிறது.

1904இல் சயாமும் (அன்றைய தாய்லாந்து) கம்போடியாவை ஆண்ட பிரான்சும் ஒப்பந்தம் போட்டன. மலையில் மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும் மேட்டுவரம்புதான் எல்லை. அந்த விதிப்படி கோயில் தங்களுக்கே என்பது தாய்லாந்தின் வாதம். ஆனால் சயாம் கேட்டுக்கொண்டதால் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்து, பாரிசில் அச்சாகி, 1908இல் பாங்காக் வந்த வரைபடத்தில் கோயில் கம்போடியாவுக்குள் இருந்தது. சயாம் மறுக்கவில்லை. உள்துறை அமைச்சர் இளவரசர் டாம்ரோங் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்கு அனுப்ப இன்னும் 15 பிரதிகள் கேட்டார்!

அதே டாம்ரோங் 1930இல் கோயிலுக்குப் போனார். அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது, வரவேற்றவர் பிரெஞ்சு அதிகாரி. அப்போதும் எந்த ஆட்சேபமும் இல்லை. ஊர் திரும்பி, எடுத்த புகைப்படங்களை வேறு அனுப்பிவைத்தார்.

1962இல் சர்வதேச நீதிமன்றம் 9க்கு 3 என்ற கணக்கில் கம்போடியா பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது இதுதான்: தண்ணீர் உண்மையில் எங்கே பிரிகிறது என்ற கேள்விக்குள் நீதிபதிகள் போகவே இல்லை. இத்தனை வருஷம் சும்மா இருந்தது சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு காலனி வல்லரசின் முன்னால் சின்ன நாடு வாய் திறக்காமல் இருந்ததை முழுச் சம்மதம் என்று சொல்ல முடியுமா? எனக்குத் தயக்கம் இருக்கு. அதற்காக, கெமர்கள் கட்டிய கோயில் மேல் கம்போடியர்களுக்கு இருக்கும் உரிமை உணர்வு பொய்யாகிவிடாது.

அதன்பிறகு கோயில் உள்நாட்டு அரசியலுக்குத்தான் அதிகம் பயன்பட்டது. 2008இல் அது கம்போடியாவின் கோரிக்கைப்படி உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தக் கோரிக்கையை ஆதரித்த தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் பதவி விலக வேண்டியதாயிற்று. 2011 வரை எல்லையில் அவ்வப்போது துப்பாக்கிச் சூடு. 2025இல் பிரதமர் பேதோங்தான், கம்போடியாவின் ஹுன் சென்னை "மாமா" என்று அழைத்துப் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்தது. அதில் சொந்த ராணுவத் தளபதியையே குறை சொல்லியிருந்தார். ஆகஸ்டில் நீதிமன்றம் அவரைப் பதவிநீக்கம் செய்தது. நடுவில் நடந்த ஜூலைச் சண்டையில் லட்சக்கணக்கான எல்லைக் கிராமத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

அந்தச் சண்டை வெடித்தது தா முயென் தோம் என்ற இன்னொரு சிவன் கோயில் அருகே. 1962 தீர்ப்பு அதைத் தொடவே இல்லை. கம்போடியா மறுபடி சர்வதேச நீதிமன்றம் போகலாம் என்கிறது. ஒருமுறை தோற்ற தாய்லாந்தோ, அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்க மாட்டோம், இருதரப்பும் பேசித் தீர்ப்போம் என்கிறது.