படம் வரையும் கை, உடை வடிவமைக்கும் கை!

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?"

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் மகள் பாவாடை, தாவணி, சேலை என்று வரைந்துகொண்டே இருந்தால், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

அவர்கள் மீது குற்றம் இல்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பிழைப்பு என்றால் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும்தான் கண்முன் நிற்கின்றன. பட்டாசு வேலையில் ஆபத்து உண்டு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. பிள்ளைக்கு வேறு தொழில் வேண்டும் என்று நினைக்காத தாய் இல்லை.

அந்த வேறு தொழில் சித்திரமாக இருக்கலாமா?

இருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பார்த்து ரசிக்க மட்டும் வரையும் படம் போதாது. அதை வைத்து இன்னொருவர் வேலை செய்ய வேண்டும். அப்படிப்பட்ட படம் சோறு போடும்.

இதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது.

காலண்டர் ஓவியர்கள்

கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். சென்னையில் ஓவியம் படித்தார். சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச்சீலை எழுதினார். 1942-ல் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோனது. கொண்டையராஜு அந்த ஊரிலேயே தங்கிவிட்டார்.

சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படங்கள் தேவைப்பட்டன. கொண்டையராஜு வரைந்தார். சுப்பையா, அருணாசலம், ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் போன்ற சீடர்களும் வரைந்தார்கள். அந்தப் படங்கள் தமிழ்நாட்டின் வீட்டுச் சுவர்களையும் கடைச் சுவர்களையும் நிறைத்தன. 1976-ல் கொண்டையராஜு காலமானார்.

காலண்டரில் லட்சுமியைப் பாருங்கள். பட்டுச் சேலையின் கொசுவம் எப்படி விழுகிறது! கரை எங்கே மடிகிறது! முந்தானை தோளிலிருந்து எப்படி இறங்குகிறது! துணியைப் பார்த்துப் பழகாத கையால் இதை எழுத முடியாது.

அச்சையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். வண்ணப் படம் அச்சில் ஏறும்போது மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலம், கறுப்பு ஆகிய நான்கு மைகளாகப் பிரியும். அந்த நான்கில் தங்க மை இல்லை. அப்படியானால் சரிகை எப்படி மின்னுகிறது? மஞ்சளுக்குப் பக்கத்தில் பழுப்பு, அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று. அவ்வளவுதான். கண் அதைத் தங்கம் என்று நம்பிவிடுகிறது!

இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கையால் எழுதிய காலண்டர் படத்துக்கு முன்போல் தேவை இல்லை. ஆனால் துணியைக் கவனித்து வரையும் திறமைக்குத் தேவை குறையவில்லை. அது போக வேண்டிய இடம்தான் மாறியிருக்கிறது.

பத்திரிகையிலிருந்து ஆஸ்கார் வரை

பானு அத்தையா 1929-ல் கோலாப்பூரில் பிறந்தார். தந்தை ஓவியர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பானு, பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் படித்தார். 1953-ல் பம்பாயின் முற்போக்கு ஓவியர் குழுவினரோடு சேர்ந்து தம் படங்களைக் கண்காட்சியில் வைத்தார்.

அதே காலத்தில் பெண்கள் பத்திரிகைகளுக்கு உடைப் படங்கள் வரைந்து கொடுத்தார். ஒரு பத்திரிகையின் ஆசிரியை சொந்தமாக உடைக் கடை திறந்தார். "படத்தில் வரைவதைத் துணியிலே செய்து காட்டு" என்ற வாய்ப்பு பானுவுக்குக் கிடைத்தது. அவர் செய்து காட்டினார். சினிமா நட்சத்திரங்கள் அந்தக் கடையைத் தேடி வந்தார்கள். 1956-ல் வெளிவந்த "சி.ஐ.டி." படத்துக்கு அவர் உடை அமைத்தார்.

1983-ல் "காந்தி" படத்தின் உடை அமைப்புக்காக, ஜான் மோலோ என்பவருடன் சேர்ந்து ஆஸ்கார் பரிசு பெற்றார். ஆஸ்கார் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்! 2020-ல் காலமானார்.

எங்கே தொடங்கினார்? பத்திரிகையில் வரைந்த சிறு படங்களில்!

தறிக்கு வந்த ஓவியர்

வங்காள ஓவியர் ஜோகேன் சௌத்ரி பாரிஸ் நகரில் ஓவியம் படித்துத் திரும்பியவர். 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறித் துறையில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். தறிக்கு மாதிரி வரைந்ததால் அவருடைய ஓவியம் கெட்டுவிடவில்லை. பின்னர் நாடறிந்த ஓவியர்களில் ஒருவராக விளங்கினார்.

தறி தூரத்தில் இல்லை. விருதுநகர் மாவட்டத்திலேயே அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் நெசவு நடக்கிறது. ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரம் நைட்டித் தையலுக்குப் பேர் போனது. புதுப் புட்டாவும் புதுக் கரையும் புதுப் பூவும் இந்தத் தொழில்களுக்கு எப்போதும் வேண்டும்.

மூன்று வகைப் படங்கள்

உடைத் தொழிலில் மூன்று வகைப் படங்கள் உண்டு. மூன்றும் வேறு வேறு.

முதலாவது, அழகுப் படம். உடை அணிந்த பெண் எப்படித் தோன்றுவாள் என்று காட்டுவது. சாதாரண மனித உடல் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். உடைப் படத்தில் ஒன்பது தலை உயரமாக நீட்டி வரைவார்கள். உடை எடுப்பாகத் தெரிவதற்காக இப்படிச் செய்கிறார்கள்.

இரண்டாவது, தையல் படம். இதில் முகமும் இல்லை, நீட்டலும் இல்லை. உடையைத் தரையில் விரித்துப் போட்டதுபோல் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வரைய வேண்டும். கழுத்தின் ஆழம், கையின் நீளம், டாட் பிடிக்கும் இடம், பொத்தான் எத்தனை என எல்லாம் தெரிய வேண்டும். தையல்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் வெட்டினால் படம் வெற்றி!

மூன்றாவது, துணிப் படம். துணியிலேயே வரும் பூவும் கொடியும் கட்டமும் இதில் அடங்கும். துணி நீண்டுகொண்டே போகும். ஆகவே ஒரு பூ முடியும் இடத்தில் அடுத்த பூ இசைவாகத் தொடங்க வேண்டும்.

இதற்கு எளிய வழி உண்டு. தாளின் நடுவில் பூவை வரையுங்கள். தாளை மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டுங்கள். இடப் பாதியை வலப்பக்கமும், வலப் பாதியை இடப்பக்கமும் வைத்து ஒட்டுங்கள். நடுவில் தெரியும் வெற்றிடத்தை வரைந்து நிரப்புங்கள். பிறகு குறுக்காக வெட்டி, மேல் பாதியைக் கீழேயும் கீழ்ப் பாதியை மேலேயும் வைத்து, அதேபோல் நிரப்புங்கள். இனி அந்தப் படத்தை எத்தனை முறை அடுக்கினாலும் ஒட்டுத் தெரியாது.

வட்டம் ஏன் முட்டையாகிறது?

நெசவுக்கு வரைய வேண்டுமானால் கட்டம் போட்ட தாள் வேண்டும். ஒரு கட்டம், பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடம். 1804-ல் பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு கண்டுபிடித்த இயந்திரம் இன்றும் தறியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. துளையிட்ட அட்டைகள் அதற்குக் கட்டளை இடும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. பூ 120 கட்டம் உயரம் என்றால் 120 அட்டைகள். தேவையில்லாமல் பூவை உயர்த்தினால் செலவும் உயரும்!

புதியவர்கள் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. ஓர் அங்குலத்தில் பாவு நூல் 80, ஊடை நூல் 60 என்று வைத்துக்கொள்வோம். தாளில் 80 கட்ட அகலம், 80 கட்ட உயரத்தில் வட்டம் போட்டால், துணியில் அது ஓர் அங்குல அகலமும் ஒன்றே கால் அங்குலத்துக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட முட்டையாகிவிடும். 80 கட்ட அகலம், 60 கட்ட உயரம் என்று போட்டால்தான் வட்டம் வட்டமாக வரும்.

இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிப்பதைவிட, நெசவாளர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் சீக்கிரம் புரியும்.

எங்கே படிக்கலாம்?

சென்னையில் 1850-ல் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சேலத்தில் 1960-ல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் நெசவைக் கற்பிக்கிறது. சென்னை தரமணியில் 1995-ல் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில் பிளஸ்-2 முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். அங்கே வரையும் திறமையையும் சோதிப்பார்கள். ஆனால் கட்டணம் அதிகம். உதவித்தொகை உண்டா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஐ.டி.ஐ.யில் தையல் படிக்கலாம். உள்ளூர்த் தையல் கடையில் வெட்டுப் பழகலாம். தைக்கத் தெரிந்த ஓவியருக்கு மதிப்பு இரட்டிப்பு.

வேலை கேட்டுப் போகும்போது

நூறு படங்களைக் கட்டிச் சுமந்து போக வேண்டாம். நல்லதாகப் பதினைந்து படங்கள் போதும். மூன்று வகையும் அதில் இருக்கட்டும். ஒரே பூவை நான்கு நிறச் சேர்க்கையில் எழுதிக் காட்டுங்கள். வியாபாரி முதலில் கேட்பது, "இதே டிசைன் வேறு கலரில் வருமா?" என்பதுதான். முடிந்தால் ஒரு படத்தின் பக்கத்தில் அதையே துணியில் தைத்து வையுங்கள்.

மூலப் படத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். கூலி எவ்வளவு, படம் எத்தனை முறை பயன்படும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகளோ மகனோ படம் வரைந்தால் நோட்டைப் பிடுங்க வேண்டாம். பக்கத்துத் தையல்காரரிடம் அந்தப் படத்தைக் காட்டி, "இதைத் தைக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் துணி வாங்கிக் கொடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதைப் பிள்ளையே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அன்றைக்கே பாடம் தொடங்கிவிடும்!