சைக்கிளோட்டிக்குத் துப்பாக்கி துணையாகுமா?

அமெரிக்காவில் சைக்கிளோட்டும் பழக்கமுள்ளவர்களிடையே நெடுங்காலமாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. ஆளில்லாத சாலையிலும் காட்டுப் பாதையிலும் செல்லும்போது தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாமா என்பதே அது. தலைக்கவசம், தண்ணீர்ப் போத்தல், காற்றடிக்கும் பம்பு என்ற வரிசையில் துப்பாக்கியையும் சேர்ப்பது மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால், அங்கே படிக்கும் பிள்ளைகளையும் வேலை பார்க்கும் உறவினர்களையும் கொண்ட குடும்பங்கள் இங்கு உண்டு. ஆகவே, இதை வேறு யாருடைய கவலையோ என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பொருளை மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. இந்தப் பழக்கம் எப்படி வந்தது? சட்டம் அதற்கு எந்த அளவுக்கு இடம் தருகிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, சைக்கிளோட்டியைத் துப்பாக்கி உண்மையில் காப்பாற்றுகிறதா?

நாய்க்காகப் பிறந்த துப்பாக்கி

சைக்கிளுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு புதிதல்ல. பிரிட்டனின் பர்மிங்ஹாம் நகரில் 1861-ஆம் ஆண்டில் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் கூடித் தொடங்கிய நிறுவனம்தான் பிஎஸ்ஏ. 1880-இல் அது சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. அதன் சின்னத்தில் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் இருப்பதைப் பழைய சைக்கிள்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஐவர் ஜான்சன் நிறுவனமும் ரிவால்வர்களையும் சைக்கிள்களையும் சேர்த்தே தயாரித்து விற்றது. குழாயையும் சிறு உலோக உறுப்புகளையும் துல்லியமாகக் கடைந்தெடுக்கும் திறமை இரண்டுக்குமே தேவைப்பட்டது. அதனால் ஒரே தொழிற்சாலை இரண்டையும் செய்ய முடிந்தது.

சைக்கிளோட்டிக்கென்றே ஒரு துப்பாக்கி பிறந்தது பிரான்சில். 1890-களில் சைக்கிள் மோகம் ஐரோப்பாவெங்கும் பரவியபோது, சத்தமின்றி வேகமாக வரும் இந்தப் புதிய வாகனத்தைக் கண்ட நாய்கள் துரத்தத் தொடங்கின. வெறிநாய்க்கடி என்றால் மரணம் என்ற அச்சம் மக்கள் மனத்தில் ஆழமாக இருந்த காலம் அது. லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தியதே 1885-இல்தான்.

இந்த அச்சத்தைப் பார்த்துப் பிரெஞ்சுத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சார்ல் பிரான்சுவா காலாண் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு ரிவால்வர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் பெயர் 'வெலோ-டாக்'. சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முற்பகுதியையும் நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து வைத்த பெயர் அது. பையிலிருந்து இழுக்கும்போது துணியில் சிக்காமல் இருப்பதற்காக அதன் விசை மடக்கி வைக்கும்படி அமைந்திருந்தது. பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் மற்றவர்களும் இதே பாணியில் துப்பாக்கிகளைச் செய்து விற்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்காக, ஈயக் குண்டுக்குப் பதில் மிளகாய்ப் பொடியோ மெழுகோ தக்கையோ அடைத்த தோட்டாக்களும் விற்கப்பட்டன. அமெரிக்காவில் அமோனியா கலந்த நீரைப் பீய்ச்சும் பிஸ்டல்களும் வந்தன. ஆக, சைக்கிளோட்டிக்குத் தேவை எதிரியின் உயிர் அல்ல, சற்று இடைவெளி மட்டுமே என்பதை அந்தக் காலத்து வணிகர்களே புரிந்து வைத்திருந்தார்கள்.

சட்டம் தரும் இடமும் வைக்கும் எல்லையும்

இன்றைய அமெரிக்காவுக்கு வருவோம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-இல் நடப்புக்கு வந்தது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஜூன் மாதம் வந்த மற்றொரு தீர்ப்பு அந்த உரிமையை வீட்டுக்கு வெளியிலும் நீட்டியது. தனிப்பட்ட காரணத்தை நிரூபித்தால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் நூற்றாண்டுப் பழைமையான விதி அத்தீர்ப்பால் செல்லாமற்போனது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், தகுதியுள்ளவர் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம்.

அப்படியானால் சைக்கிளில் எடுத்துச் செல்வதில் சிக்கல் இல்லை என்று எண்ணத் தோன்றும். சிக்கல் பாதையில்தான் இருக்கிறது. கூட்டரசுச் சட்டப்படி, பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடி தூரத்துக்குள், அதாவது சுமார் 300 மீட்டருக்குள், துப்பாக்கியோடு செல்வது குற்றம். அந்த மாநிலம் வழங்கிய உரிமம் வைத்திருப்பவருக்கும், தோட்டா நீக்கிப் பூட்டிய பெட்டியில் எடுத்துச் செல்பவருக்கும் விலக்கு உண்டு. மாநிலம்தான் உரிமம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதே என்று வெறுங்கையோடு கிளம்பியவருக்கு முதல் விலக்கு கிடையாது. ஊருக்குள் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிப்பவர் எத்தனை பள்ளிகளைக் கடப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மாநில எல்லையும் அப்படித்தான். ஒரு மாநிலத்தின் உரிமத்தை அடுத்த மாநிலம் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெடுந்தூரப் பயணத்தில் எல்லைப் பலகையைத் தாண்டிய அடுத்த நொடியே சட்டத்தை மதித்தவர் குற்றவாளியாகிவிடக்கூடும். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல், அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுத் துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் பூங்காவினுள் அமைந்த அரசாங்கக் கட்டடங்களுக்குள் கொண்டு செல்லக்கூடாது.

எடுத்துச் செல்லும் உரிமை வேறு, சுடும் உரிமை வேறு. உயிருக்கோ உடலுக்கோ கடுமையான ஆபத்து அந்தக் கணத்திலேயே நேரும் என்று நியாயமாக நம்பினால் மட்டுமே சுடுவது தற்காப்பாகக் கருதப்படும். வசைபாடியதற்காகவோ காரை உரசுவது போல் ஓட்டியதற்காகவோ துப்பாக்கியைக் காட்டுவதே தனிக் குற்றமாகலாம்.

சுமப்பவர்கள் சொல்லும் நியாயம்

துப்பாக்கி சுமப்பவர்களை எல்லாம் முரடர்கள் என்று தள்ளிவிடுவது சரியன்று. அவர்களுடைய வாதத்தில் பொருள் உண்டு. சைக்கிளோட்டிக்குக் கார்க்கதவின் மறைப்பு இல்லை. ஊருக்கு வெளியே கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காத இடங்கள் பல. காவல்துறைக்குத் தகவல் போனாலும் வந்து சேர நேரம் பிடிக்கும். தனியாகச் செல்லும் பெண்ணுக்கும், வலுக் குறைந்த முதியவருக்கும் ஓடித் தப்புவதும் கைகலப்பதும் இயலாத காரியம். அப்படிப்பட்டவர் தமக்கு ஒரு சமவலிமை வேண்டும் என்று கேட்பதில் தவறு என்ன என்பது அவர்கள் கேள்வி.

அச்சம் உண்மையானது. ஆனால் அச்சத்துக்குத் தேர்ந்தெடுக்கும் மருந்து நோய்க்குப் பொருந்துகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

இரண்டு கையும் கைப்பிடியில்

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 7 மீட்டர் கடக்கிறார். கண் சாலையில் இருக்க வேண்டும். கை தடையில் இருக்க வேண்டும். ஒரு கையை விட்டு, உடையை விலக்கி, துப்பாக்கியை எடுத்துக் குறி வைப்பதற்குள் சக்கரம் தடுமாறும். ஓடும் சைக்கிளிலிருந்து சுட்டால் குண்டு எங்கே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. குறி தவறிய குண்டு யார் மேல் பட்டாலும் பொறுப்பு சுட்டவரையே சேரும். எனவே, நின்று இறங்கிய பிறகே துப்பாக்கி பயன்படும். இறங்கிவிட்டாலோ, சைக்கிளையே நாய்க்கும் தமக்கும் இடையே கேடயமாகப் பிடிக்கலாம். பெரும்பாலான நாய்கள் அந்த இடத்தோடு நின்றுவிடும்.

எங்கே வைப்பது என்பது அடுத்த தொல்லை. குனிந்து மிதிக்கும்போது இடுப்பில் உள்ளது சட்டைக்கு வெளியே தெரியும். வியர்வையில் துருவும் பிடிக்கும். முதுகுப் பக்கம் செருகினால், விழும்போது கெட்டியான இரும்பு முதுகெலும்பில் மோதும். முன்பக்கப் பையில் போட்டால், கடை வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது துப்பாக்கியும் அங்கேயே நிற்கும். சைக்கிள் திருடன் துப்பாக்கித் திருடனும் ஆகிவிடுவான்.

காட்டுப் பாதை சொல்லும் பாடம்

விலங்குகள் உலவும் காட்டில் நிலைமை வேறல்லவா என்று கேட்கலாம். 2016 ஜூன் மாத இறுதியில், மொண்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்கா அருகே சைக்கிளில் சென்ற வனச்சேவை அதிகாரி ஒருவர், வளைவில் ஒரு கிரிஸ்லி கரடியின் மீது மோதி அதன் தாக்குதலில் உயிரிழந்தார். கரடியைக் கண்டதற்கும் மோதியதற்கும் இடையே அவருக்குக் கிடைத்தது ஓரிரு விநாடிகளே. அவரிடம் அப்போது துப்பாக்கி இல்லை. இருந்திருந்தாலும் எடுக்க நேரம் இருந்திருக்காது. வேகமும் பார்வைத் தூரமும் பொருந்தாமற்போனதே அங்கு நேர்ந்த கேடு.

2018 மே மாதம், வாஷிங்டன் மாநிலத்தின் நார்த் பெண்ட் அருகே இரு சைக்கிளோட்டிகளைக் கூகர் எனப்படும் மலைச்சிங்கம் தாக்கியது. ஒருவர் மாண்டார், மற்றவர் காயத்தோடு தப்பினார். அதே மாநிலத்தில் 2024 பிப்ரவரியில், ஃபால் சிட்டி அருகே ஐந்து பெண்கள் சைக்கிளில் சென்றபோது ஒரு கூகர் அவர்களில் ஒருவரின் தாடையைக் கவ்விக்கொண்டது. மற்ற நால்வரும் ஓடவில்லை. கல்லாலும் கட்டையாலும் அடித்து அவரை விடுவித்தார்கள். பிறகு ஒரு சைக்கிளை அந்த விலங்கின் மேல் போட்டு, அதிகாரி வந்து சுடும் வரை அழுத்திப் பிடித்திருந்தார்கள். காயமடைந்தவர் உயிர் பிழைத்தார். அன்று அவரைக் காத்தது உடன் வந்தவர்களின் துணிவு.

ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெர்ரெரோ முதலிய ஆய்வாளர்கள் அலாஸ்காவில் கரடிகளை எதிர்கொண்ட சம்பவங்களைத் தொகுத்தனர். 2008-இல் வெளியான ஆய்வில், மிளகாய்ச் சாறு தெளிப்பான் பழுப்புக் கரடிகளின் வேண்டாத செயலை 92 விழுக்காடு நிறுத்தியது என்று கண்டனர். தெளிப்பான் வைத்திருந்து கரடியை நெருக்கத்தில் எதிர்கொண்டவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். 2012-இல் வெளியான ஆய்வு துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களை ஆராய்ந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களில், அதைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் இடையே காயமடைந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அதன் முடிவு. இரண்டும் தனித்தனி ஆய்வுகள். அவற்றை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருப்பினும், துப்பாக்கி கையில் இருந்தாலே போதும் என்ற நம்பிக்கைக்கு அவை ஆதரவு தரவில்லை.

சாலையில் எதிரி யார்?

சைக்கிளோட்டியின் உயிரைப் பறிப்பதில் முன்னிற்பது நாயும் அல்ல, கரடியும் அல்ல, மோட்டார் வாகனம்தான். 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கச் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 1,000-க்கும் அதிகமான சைக்கிளோட்டிகள் மாண்டனர். பின்னாலிருந்து வந்து இடிக்கும் காருக்கு எதிராகத் துப்பாக்கியால் ஆவது ஒன்றுமில்லை.

வாய்ச்சண்டையில் துப்பாக்கி நுழைந்தால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. 2009 ஜூலையில் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில், குழந்தையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பரபரப்பான சாலையில் செல்லலாமா என்று ஓர் ஓட்டுநர் ஒரு தந்தையோடு வாக்குவாதம் செய்தார். முடிவில் அந்த ஓட்டுநர் சுட்ட குண்டு தந்தையின் தலைக்கவசத்தைத் துளைத்தது. அவர் மயிரிழையில் உயிர் பிழைத்தார். குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிய அக்கறையில் தொடங்கிய பேச்சு அது! அந்த நேரத்தில் தந்தையிடமும் துப்பாக்கி இருந்திருந்தால், பக்கத்தில் நின்ற குடும்பத்தின் கதி என்னவாகியிருக்கும்?

இங்குள்ளோர் அறிய வேண்டியவை

மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் தங்கியிருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சிலருக்கே விலக்கு. நண்பர் இரவல் கொடுத்தார், சைக்கிள் பையில் வைத்திருந்தேன் என்பது அங்கே சமாதானம் ஆகாது. படிப்பும் எதிர்காலமும் ஒரே நாளில் பறிபோகலாம். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

இங்கோ சட்டம் மிகக் கடுமையானது. மலேசியாவில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. சிங்கப்பூரில் மிளகுத் தெளிப்பானைக்கூடப் பொதுமக்கள் அனுமதியின்றி வைத்திருக்கக்கூடாது. வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் பெட்டியைக் கட்டும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தற்காப்பு உரிமை இவ்விரு நாட்டுத் தண்டனைச் சட்டங்களிலும் இருக்கிறது. ஆனால், தாக்குதலைத் தடுப்பதற்குத் தேவையான அளவை அது மீறக்கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை பொருந்தாது.

அப்படியென்றால் தனிமையில் செல்பவர் என்னதான் செய்வது? துணையோடு செல்லலாம். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படலாம். வளைவில் வேகத்தைக் குறைத்து மணியடிக்கலாம். இருட்டுமுன் விளக்கைப் போடலாம். வம்புக்கு வருபவரிடம் பதில் பேசாமல் மிதித்துச் சென்றுவிடலாம். இவை எவருக்கும் வீரமாகத் தோன்றாது. ஆனால் சைக்கிளோட்டிக்கு நேரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை இடைவெளியால்தான் தீர்கின்றன. அந்த இடைவெளியைத் தருவதற்குச் சைக்கிளுக்கே இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன.