ஒரு கோடிக் கட்டங்களின் கணக்கு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் அதை இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். அங்கே இறைப்பது பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மங்கலம்பேட்டை போர்வெல்லை எட்டுமா? எட்டினால் நீர்மட்டம் எத்தனை அடி இறங்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

100 கிலோமீட்டர் நீள அகலமுள்ள நிலத்தை 100 மீட்டர்க் கட்டங்களாகப் பிரிப்போம். ஆழத்தில் பத்து அடுக்கு. மொத்தம் 1 கோடிக் கட்டங்கள். உள்ளே வரும் நீரும் வெளியே போகும் நீரும் சமம் என்று கட்டத்துக்கொரு சமன்பாடு எழுதினால், 1 கோடிச் சமன்பாடுகள், 1 கோடி மாறிகள்.

பிளஸ் டூவில் படித்த காஸ் நீக்கல் முறையை அப்படியே போட்டால் என்ன? திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய 'பரம் பொருள்' மீக்கணினியின் உச்ச வேகம் நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். அந்த வேகத்திலும் ஒன்பது நாள் ஓட வேண்டும். எண்களை வைக்கவே 800 டெராபைட் இடம் வேண்டும்.

ஆனால் ஒரு கட்டத்துக்கு அண்டை ஆறே ஆறு: நான்கு பக்கம், மேல், கீழ். ஆகவே ஒரு சமன்பாட்டில் ஏழு எண்கள்தான், மற்றதெல்லாம் சுழியம். நீக்கல் முறை அந்தச் சுழியங்களில் பலவற்றை எண்களாக்கிவிடும். அதனால் தோராய விடையொன்றில் தொடங்கி, பிழையைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறார்கள். ஹெஸ்டனீஸும் ஸ்டீஃபலும் 1952இல் வெளியிட்ட 'கான்ஜுகேட் கிரேடியன்ட்' அப்படிப்பட்ட முறை.

இனி வேலையைப் பங்கிடலாம். நிலத்தைத் துண்டு போட்டு, செயலிக்கு ஒரு துண்டு. வரப்போரக் கட்டங்களின் எண்களை மட்டும் அண்டைச் செயலிகள் பரிமாறிக்கொள்ளும். சிக்கல், ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் துண்டுகளின் பிழையையும் கூட்டுவதில். பந்தியில் கடைசி ஆள் எழும்வரை அடுத்த பந்தி உட்கார முடியாதது போல, மந்தமான ஒரு செயலிக்காக அத்தனையும் காத்திருக்கும். செயலிகளைக் கூட்டினால் காத்திருப்பும் கூடும்.

இன்னொரு சிக்கல் தூரம். சுற்றுக்கு ஒரு கட்டம் வீதம் நகர்ந்தால், நெய்வேலியில் நடந்த மாற்றம் மங்கலம்பேட்டைக்கு வந்துசேர 200 சுற்றாவது ஆகும். அதற்குத்தான் 'மல்டிகிரிட்' முறை. நுண்கட்டங்களின் பிழையைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள பெருங்கட்டங்களில் வைத்துத் திருத்தி, அந்தத் திருத்தத்தை மீண்டும் நுண்கட்டங்களுக்கு இறக்குகிறது. பெருங்கட்டத்தில் நெய்வேலிக்கும் மங்கலம்பேட்டைக்கும் நடுவே நாலைந்து கட்டங்கள்தான். ஒன்பது நாள் கணக்கு நொடிகளுக்குச் சுருங்குவது இந்தக் குறுக்குவழிகளால்தான். இயந்திரத்தின் வேகம் அதற்குப் பிறகுதான்.