டிரிகரை அழுத்தியும் வெடிக்கலையா? முதல்ல 30 விநாடி பொறுங்க!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் காலேஜ்ல என்.சி.சி சேர்ந்திருக்கீங்களா? அப்போ நீங்க ரொம்ப எதிர்பார்க்குறது ஃபயரிங் நாளாத்தான் இருக்கும். கையில் பாயின்ட் 22 ரைஃபிள், 25 கெஜத்தில் டார்கெட். மூச்சைப் பிடிச்சு டிரிகரை அழுத்துறீங்க... 'க்ளிக்'னு மட்டும் சத்தம். குண்டு போகலை. இப்போ என்ன செய்வீங்க?

பதற்றத்தில் உடனே போல்ட்டை இழுக்கத் தோணும். இல்லைன்னா, ரைஃபிளோடு திரும்பி ஸ்டாஃபைக் கூப்பிடத் தோணும். ரெண்டுமே ஆபத்து!

ஏன் காத்திருக்கணும்?

பெரிய ரைஃபிள் தோட்டாக்களில், பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். பாயின்ட் 22-ல் அது அடி விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கும். ஃபயரிங் பின் அடிக்கும் இடத்தில் மருந்து குறைவாக இருந்தால் தோட்டா வெடிக்காது. அபூர்வமாக, சில விநாடி தாமதமாகவும் வெடிக்கலாம். அந்த நேரம் போல்ட் திறந்திருந்தால், பித்தளைக் கூடு கிழிந்து சில்லும் சூடான வாயுவும் முகத்தில் அடிக்கும்.

அப்போ என்ன செய்யணும்?

* ரைஃபிள் முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும். இந்தக் குண்டு சுமார் 1.5 கிலோமீட்டர் வரை போகும். தாம்பரம் ஸ்டேஷன்ல இருந்து சானடோரியத்தை நெருங்குற தூரம்!

* விரலை டிரிகரிலிருந்து எடுத்துடுங்க. படுத்த நிலையிலேயே கையைத் தூக்கி ஸ்டாஃபுக்குக் காட்டுங்க.

* குறைந்தது 30 விநாடி காத்திருங்க. ஸ்டாஃப் இன்னும் அதிகம் சொன்னா, அதுதான் கணக்கு.

* அவர் சொன்ன பிறகு, முகத்தைத் தள்ளி வெச்சுக்கிட்டு போல்ட்டைத் திறங்க.

'டப்'னு மெல்லிய சத்தமா?

வழக்கத்தைவிட சத்தமும் உதைப்பும் குறைவா இருந்தா, அடுத்த ரவுண்டை ஏத்தவே கூடாது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்னிருக்கலாம். அதுக்குப் பின்னால் இன்னொரு குண்டு போனால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். ரைஃபிளைக் காலி பண்ணி, பேரலைப் பார்த்து உறுதி செய்வது ஸ்டாஃபின் வேலை.

காலி கோக்கா சிக்கிக்கிட்டா?

கத்தி, ஸ்க்ரூ டிரைவர், சேஃப்டி பின்... எதையும் விட்டு நோண்டாதீங்க. சேம்பரில் கீறல் விழுந்தால், அடுத்தடுத்த கோக்காவும் அதே இடத்தில் பிடிச்சுக்கும். அதைவிட முக்கியம், நீங்க காலின்னு நினைச்சது உயிருள்ள தோட்டாவா இருந்தால், விளிம்பில் ஒரு அழுத்தம் போதும். போல்ட்டைக் காலால் உதைப்பது, தட்டுவதும் வேண்டாம். காலி கோக்காதான்னு உறுதியான பிறகு, கிளீனிங் ராடு வெச்சு ஸ்டாஃப் எடுப்பார்.

ஜாம் ஆகாம இருக்க, ஃபயரிங் முடிஞ்சதும் சேம்பரையும் போல்ட்டையும் துடைச்சு, லேசா மட்டும் எண்ணெய் போடுங்க. எண்ணெய் அதிகமானா தூசியும் கரியும் ஒட்டிக்கும்.

வெடிக்காத ரவுண்டை ஞாபகார்த்தமா பாக்கெட்டில் போட்டுக்காதீங்க. லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வெச்சிருந்தாலும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். மீனம்பாக்கம் ஏர்போர்ட் ஸ்கேனரில் அது மாட்டினால், 'மறந்துட்டேன் சார்'னு சொல்லித் தப்பிக்க முடியாது. எண்ணி ஸ்டாஃப்கிட்டயே ஒப்படைச்சிடுங்க.

ஒரு ஷாட் போனால் மார்க்தான் குறையும். நிதானமா கையைத் தூக்குங்க பாஸ்!