கடலோர வீட்டுக்கு என்ன கலர், எந்தக் கதவு? திருவான்மியூரில் வீடு கட்டுறவங்க கவனிக்க வேண்டியவை!

புது வீடு பூச்சு வேலை முடிந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ஷேடு கார்டைத்தான். ஆனால், வால்மீகி நகர் மாதிரி கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால், கலருக்கு முன்னால் உப்புக்காற்று, மழை, வெயில் மூன்றையும் யோசிக்கணும். இல்லையென்றால் மறுபடி சாரம் கட்டி பெயின்ட் அடிக்கும் செலவு உங்கள் தலையில்தான்!

எந்தச் சுவருக்கு என்ன பிரச்னை?

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. வடகிழக்குப் பருவமழை என்பதால் கிழக்கு, வடக்குச் சுவர்களில்தான் சாரல் அதிகம். அங்கே மழையைத் தாங்கும் எக்ஸ்டீரியர் அக்ரிலிக் எமல்ஷன் அவசியம். மேற்குச் சுவருக்கு மதிய வெயில்தான் எதிரி. அங்கே வெளிர் நிறம் நல்லது.

எந்த கலர் சீக்கிரம் வெளுக்கும்?

பளிச் சிவப்பு, மஞ்சள் ஷேடுகளில் பெரும்பாலும் ஆர்கானிக் நிறமிகள் இருக்கும். இவை வெயிலில் சீக்கிரம் மங்கும். காவி, செம்மண் நிறங்களில் இருப்பது இரும்பு ஆக்சைடு; பல வருஷம் தாங்கும். அடர் சாம்பல் இப்போ டிரெண்ட்தான். ஆனா வெப்பத்தை இழுக்கும், படியும் உப்பும் பளிச்சுன்னு தெரியும்.

எப்போது பெயின்ட் அடிக்கணும்?

ஈரம் காயாத புதுச் சுவரில் பெயின்ட் அடித்தால், சிமென்டின் காரத்தன்மையால் திட்டுத் திட்டாக வெளுக்கும், உப்புப் பூக்கும். பூசிய பிறகு க்யூரிங் உட்பட குறைந்தது 28 நாள் விடுங்க. ஈரம் காய்ந்ததைப் பார்த்து, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடிங்க. கிரகப்பிரவேச தேதிக்காக இதைக் குறைக்காதீங்க.

முகப்பில் ஏ.சி.பி. ஷீட் ஒட்டலாமா?

இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று கேளுங்க. சாதா பாலித்தீன் என்றால் வேண்டாம். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் உயிரிழந்த தீ விபத்தில், வெளிச்சுவரில் தீ வேகமாகப் பரவ இந்த வகை ஷீட்தான் முக்கியக் காரணம். தீயைத் தாங்கும் கிரேடா என்று சான்றிதழைப் பார்த்து வாங்குங்க.

கதவு, கீல்?

தலைவாசலுக்குத் தேக்கு, மேலே அகலமான சன்ஷேடு. பால்கனிக்கு யு.பி.வி.சி. போதும், துருப்பிடிக்காது. சாதா ஃப்ளஷ் டோர் மழை படும் இடத்தில் ஊதிவிடும். கீல், தாழ்ப்பாள், கிரில் ஸ்குரூவுக்கு 304-ஐ விட 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. அதில் இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் உப்புக்காற்றைச் சமாளிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் பில்லில் கிரேடை எழுதி வாங்குங்க.

கடைசியா ஒண்ணு...

பிடித்த இரண்டு மூன்று ஷேடுகளை கிழக்கு, மேற்குச் சுவர்களில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையிலும் மாலை 4 மணிக்கும் பாருங்க. கார்டில் பார்த்ததைவிட வெளிச்சுவரில் நிறம் வெளிறித் தெரியும். முழு வீட்டுக்கும் ஆர்டர் கொடுப்பது அதற்குப் பிறகு!